ஓல்டனில் வண்டி மாறாதது

திங்கள், இரவு இரண்டே கால். ரெகுலா அழைத்தாள்.
"பால் இயந்திரம் பேசமாட்டேன் என்கிறது.
நாலரைக்கு முதல் லாரி.
கேபிளை இரண்டு முறை மாற்றிவிட்டேன்,
ஒருமுறை திட்டியும் பார்த்தேன்."

மூடிய மரப்பாலத்தில் என் காலடி மட்டும்.
கீழே ஆரே
யாரிடமும் வழி கேட்காமல் போய்க்கொண்டிருந்தது.
பரிசோதனைக்கூடம் இந்தக் கரை,
முடிவுகளை வாங்கும் சர்வர் அந்தக் கரை.
நடுவில் ஒரு ரவுட்டர்,
தூசியோடு, குற்றமற்ற முகத்தோடு.

முதலில் எல்லோரும் செய்வதைச் செய்தேன்.
விளக்கு பச்சை.
இயந்திரம் தன்னையே கூப்பிட்டது: பதில் உண்டு.
ரவுட்டரைக் கூப்பிட்டது: பதில் உண்டு.
பேர்ன் நகர வானிலைகூடத் திறந்தது,
நாளை மழையாம்.
எட்டு நிமிட நடையில் இருக்கும் சர்வர் மட்டும்
நேரம் கடந்தது. நேரம் கடந்தது.
நேரம் கடந்தது. நேரம் கடந்தது.

"செத்துவிட்டதா?" என்றாள்.
சர்வரிலிருந்து இங்கே கூப்பிட்டேன்.
அங்கும் அதே நான்கு வரி.
ஃபயர்வாலைச் சந்தேகித்தேன்.
பெயாட்டைச் சந்தேகித்தேன்.
அவன் விடுமுறையில் டிசினோவில் தூங்குகிறான்,
தூங்குகிறவனைச் சந்தேகிப்பது சுலபம்.

பிறகு கம்பியில் காதை வைத்தேன்,
கடந்துபோகும் ஒவ்வொரு பொதியையும்
பிரித்துக் காட்டும் சின்ன நிரலோடு.
சர்வரின் அழைப்பு வருகிறது. வந்து சேர்கிறது!
இயந்திரத்துக்குக் கேட்கிறது.
பதிலைக் கையில் வைத்துக்கொண்டே
தன் தெருவில் நின்று கத்துகிறது:

யார் பத்து இருபது ஒன்பது ஏழு?
பத்து இருபது நான்கு முப்பத்தொன்றிடம் சொல்லுங்கள்.

யார் பத்து இருபது ஒன்பது ஏழு?
சொல்லுங்கள்.

பிரிண்டர் கேட்டது, அது தன் எண் இல்லை.
குளிரறையின் வெப்பமானி கேட்டது, அதுவும் இல்லை.

இந்த ஊரில் இறங்குபவர்கள் குறைவு,
வண்டி மாறுபவர்களே அதிகம்.
போகும் ஊர் தெரியாவிட்டாலும்
ஸ்டேஷன் தெரிந்தால் போதும்,
மற்றதை ஸ்டேஷன் பார்த்துக்கொள்ளும்.
இந்தப் பெட்டியோ
ஆற்றுக்கு அப்பால் இருப்பவரும்
தன் தெருக்காரர் என்று நம்பியது.
பேர்னுக்கு வண்டி ஏறத் தெரிந்தது,
எதிர்க்கரைக்கு
ஏற வேண்டியதே இல்லை என்று நினைத்தது.

மாஸ்க்கைத் திறந்தேன்.
இருநூற்றைம்பத்தைந்து, இருநூற்றைம்பத்தைந்து,
பூஜ்யம், பூஜ்யம்.
மூன்றாமிடத்தில் வேலி இல்லை.
யாரோ போடாமல் விட்டிருக்கிறார்கள்.

யாரோ இல்லை.
வெள்ளி மாலை ஐந்து ஐம்பதுக்கு,
ஆறு இரண்டு வண்டியைப் பிடிக்கும் அவசரத்தில்
இந்தப் புதுப் பெட்டியை அமைத்தது நான்.
அந்த வண்டியும் கிடைக்கவில்லை.

மூன்றாம் எண்ணை மாற்றினேன்.
மறுமொழி, இரண்டு மில்லி விநாடி.
மறுமொழி, ஒன்று.
ரெகுலா கைதட்டவில்லை,
காத்திருந்த சாம்பிள் தட்டை
உள்ளே தள்ளினாள்.

பதிவேட்டில் காரணம் எழுதும் கட்டம்
விரல் நீளம்தான்.
பெயாட் என்ற பெயர் அதில்
சிரமமில்லாமல் அடங்கும்.
பேனாவை அதன் மேல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன்.
வெளியே லாரி
பீப் பீப் என்று பின்னோக்கி வந்தது.
முதல் சாம்பிளின் கொழுப்பு நான்கு புள்ளி ஒன்று,
அதற்குள் அந்தக் கரை போய்விட்டது.

எழுதினேன்:
பவளராணி தியாகலிங்கம்.
கடைசி நான்கு எழுத்து
கட்டத்துக்கு வெளியே போனது.