இரண்டு மில்லிமீட்டர்

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, சரி.
இது குதிரை.
பந்தயத்தில் கழித்துவிட்டதை
இரண்டு பெட்டி பீருக்கு வாங்கிய லாய்ட் பென்ரோஸ்
பல்லைப் பார்க்க என்னை அழைத்திருந்தார்.

யார்க் நகருக்கு அப்பால், கோதுமை அறுத்த வெறுங்காடு.
காலை எட்டுக்கே தகரக் கொட்டகை கொதித்தது.
ஊசி போட்டதும் ரிசீட் மெல்லத் தலை கவிழ்ந்தது;
கீழுதடு அறுந்த செருப்பு வார் போலத் தொங்கியது.
இரும்பு வாய்ப்பூட்டைத் திருகினேன்
(திறந்து வைக்கவும் ஒரு பூட்டு).
வாடை முதலில் வந்தது,
பிறகுதான் வாய்.

நெற்றி விளக்கை உள்ளே அனுப்பினேன்.
கடைவாய்ப் பற்களின் ஓரமெல்லாம்
கறையான் தின்ற கதவு நிலை.
பழுப்பு. கரி. குழி.
குழிக்குள் போன வாரத்துப் புல்,
புல்லுக்குள் அவர்கள்.

நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன்,
மணிமணியாய்க் கோத்துக்கொண்டு நிற்பார்கள்,
பந்திக்கு முந்துகிற கூட்டம்.
கெட்டவர்கள் இல்லை.
இனிப்பு வந்தால் உண்பார்கள், உண்டபின் புளிப்பைத் துப்புவார்கள்.
துப்பிய இடத்தில் பல் கரையும்.
அது அவர்களுக்குத் தெரியாது.

"என்ன தீனி?"
"ஓட்ஸ் புல். பச்சையில் அறுத்து உலர்த்தியது,"
லாய்டின் முகம் மலர்ந்தது.
"தேன் மாதிரி இருக்கும். நானே மென்று பார்த்துத்தான் போடுவேன்."
சிரித்தபோது பார்த்தேன்,
மேல் வரிசையில் அவருக்கு நான்கு இல்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
குழிகளைக் குத்தினேன், கழுவினேன்.
ஒன்று மட்டும் ஈறுவரை பிளந்திருந்தது.
ஆட்டி, ஆட்டி, ஒன்றேகால் மணி நேரம் ஆட்டி
என் தோள் மரத்த பிறகு வந்தது,
விரல் நீளம், ஒரு தேய்ந்த உளியின் கனம்.
லாய்ட் அதைத் தொப்பியில் வாங்கிக்கொண்டார்.
"மற்றதெல்லாம்?"

குதிரைப் பல் நம்முடையதைப் போல
ஒரே தவணையில் கொடுத்து முடித்த சொத்து இல்லை.
மேலே தேயத் தேய அடியிலிருந்து எழும்,
வருடத்துக்கு இரண்டு மில்லிமீட்டர், மிஞ்சினால் மூன்று.
இந்தப் புல்லை நிறுத்துங்கள்.
கெட்டது தேய்ந்து போகும்.
வயது இருக்கிறது, எழுவது நல்லதாக எழும்.

அவருடைய நாக்கு
அந்த நான்கு இடங்களையும் தொட்டுவிட்டுத் திரும்பியது,
உதட்டுக்கு மேலே தெரிந்தது.

மயக்கம் முழுதும் தெளியும் முன்பே
ரிசீட் மூக்கை நீட்டியது, தேனை நோக்கி.
லாய்ட் புல்வலையை அவிழ்த்துத் தோளில் போட்டு
வெயிலுக்குள் நடந்தார்.
பாதி வழியில் நின்றார்.
ஒரு தாளை உருவி
வாயில் வைத்துக்கொண்டார்.