எண்பத்தேழு

எல் ஆல்டோ ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின்
கூர்நோக்குப் படிவத்தில் பதினான்கு கட்டங்கள்.
ஏழாவது கட்டம்:
கேள்வி கேட்டபின் ஆசிரியர் காத்திருந்த நேரம், நொடிகளில்.
போன வாரம் என் பாடத்துக்கு
எடெல்மிரா அதில் 0.8 என்று எழுதினாள்.
கொஞ்சம் கூட்டிப் போடேன் என்றேன்.
மாட்டேன் என்றாள்.

இன்று அவள் முறை.
கடைசி பெஞ்சில், முழங்கால் மோவாயை இடிக்க,
நிறுத்துகடிகாரத்தோடு நான்.

நேற்று ஒத்திகை.
நாங்கள் பதினொரு பேர் பன்னிரண்டு வயதாக நடித்தோம்.
பிள்ளைகள் கேட்பார்கள் என்று
பெரியவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிற கேள்விகளைக் கேட்டோம்.
தண்ணீர் தளதளவென்று கொதித்தது.
வெப்பமானி எண்பத்தேழில் நின்றது.
பழசு, என்றாள். இன்னொன்று கொண்டுவந்தோம்.
எண்பத்தேழு.
வேதியியல் அறையின் பூட்டைத் திறக்கவைத்து
உறை பிரிக்காத மூன்றாவதை எடுத்தோம்.
சொல்லிவைத்தாற்போல் அதுவும்.

அழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும்:
முதலாண்டுத் தேர்வில் இந்தக் கேள்விக்கு
எங்கள் எல்லோருக்கும் முழு மதிப்பெண்.
அந்த மதிப்பெண்ணும் இந்தப் பாத்திரமும்
அதுவரை முகம் பார்த்ததே இல்லை.

"புத்தகத்தில் நூறு. நூறென்றே சொல்லிவிடு,
தேர்வில் அதுதான் வரும்."
சொன்னது நான்தான்.

இதோ வகுப்பு. முப்பத்தாறு பேர், கோட்டைக் கழற்றாமல்.
ஜன்னலுக்கு வெளியே கம்பியில் தொங்கி
மஞ்சள் பெட்டிகள் லா பாஸுக்கு இறங்கிக்கொண்டிருக்கின்றன.
யோசெலின் முன்னால் வந்து படித்தாள்:
எண்பத்தேழு.
எடெல்மிரா புத்தகத்தைத் தூக்கி
நூறு என்ற வரியைக் காட்டினாள்.
"இரண்டில் எதை நம்புவது?"

அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

ஒன்று.
இரண்டு. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.
மூன்று. இந்நேரம் நான் பதிலைச் சொல்லி,
கரும்பலகையில் எழுதி, அடிக்கோடும் இட்டிருப்பேன்.
நான்கு. பேராசிரியர் நாற்காலியில் அசைந்தார்.
ஐந்து. அவள் வலக்கை கோட்டுப் பையில்.
ஆறு. தண்ணீர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
ஏழு.
எட்டு. தாங்க முடியாமல்
நானே கை தூக்கிவிடுவேன் போலிருந்தது.
ஒன்பது.

"வெப்பமானி பொய் சொல்லுது."
"அடுப்புல வேகம் பத்தல."
"புத்தகத்தக் கடல்கரைக்காரங்க எழுதியிருப்பாங்க,
நமக்குத்தான் கடலே இல்லையே."
வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை;
மூன்றையும் பலகையில் எழுதினாள்,
மூன்றுக்கும் ஒரே அளவு எழுத்தில்.

பிறகு லிம்பர்ட்,
வியாழன் சந்தையில் குக்கர் வளையம் விற்பவளின் மகன்,
எழுந்திருக்காமலே சொன்னான்:
"சாண்டா குரூஸ்ல எங்க சித்தி
வெறும் பானையிலதான் பயறு வேகவைப்பா.
இங்க வந்து அதே மாதிரி வச்சா.
பொழுது சாயுற வரைக்கும் கொதிச்சுது. வேகல.
கொதிச்சா மட்டும் போதாது டீச்சர்,
சூடாவும் இருக்கணும்."

என் பேனா நின்றுவிட்டது.
நான்கு வருடப் படிப்பில்
அந்த இரண்டையும் நான் பிரித்துப் பார்த்ததில்லை.

சபாஷ் என்று சொல்லிவிடுவாள் என்று பயந்தேன்.
"அங்கே பானைக்கு மேலே இருப்பது
இங்கே என்ன குறைகிறது?" என்றாள்.
மறுபடியும் மௌனம்.
ஐந்தாவது நொடியில் மணி அடித்தது.

அழுத்தம் என்ற சொல் பலகையில் ஏறவே இல்லை.
பதினான்காவது கட்டம்:
பாட நோக்கம் நிறைவேறியதா? ஆம், இல்லை.
பேராசிரியர் எதில் குறியிட்டார் என்று தெரியவில்லை.
நான் இரண்டுக்கும் நடுவே பேனாவை வைத்திருந்தேன்,
மை ஊறிப் பொட்டாகும்வரை.

வெளியே வந்ததும் கேட்டாள்: எவ்வளவு?
ஒன்பது.
"அவ்வளவுதானா?" என்று பையிலிருந்து கையை எடுத்தாள்.
உள்ளங்கை முழுக்க சுண்ணாம்புத் தூள்.
ஒரு முழுக் கட்டியை நொறுக்கியிருந்தாள்.

திங்கட்கிழமை என் முறை. பாடம்: நிழல்.
கேள்வி தயார்.
அதற்கு அடுத்ததைத்தான் மூன்று இரவுகளாக
கண்ணாடி முன் நின்று பழகுகிறேன்:
உதட்டை ஒட்டி வைத்துக்கொள்வதை.
நேற்று நான்கு வரை வந்தேன்.