கட்டு, அவிழ்ப்பு

வங்கியில் அடகுப் பிரிவில் எனக்கு வேலை.
முலாம் பூசிய பித்தளையை
உரசாமலே கண்டுபிடிப்பேன்.
அப்பாவின் மணிக்கட்டை
நாலு ஞாயிறு பார்த்தும் பார்க்கவில்லை.

"சொறிஞ்சு போட்டார்" என்றார் மேற்றன்.
"வயசான தோல், ரிஷூ மாதிரி."
தலையாட்டினேன்.
நத்தாருக்கு அவருக்குக் கேக் கொடுத்தவள் நான்.

பாலையூற்றில் அந்த இல்லத்துக்கு நல்ல வாசல்.
வெள்ளைச் சுவர், போகன்வில்லா,
வருகிறவர்கள் கையெழுத்திட ஒரு பதிவேடு.
சாம்பிராணி அதிகம்.
ஏன் இவ்வளவு என்று மூக்கு கேட்டது.
நான் கேட்கவில்லை.

அப்பா துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம்
கப்பல் வரவு எழுதியவர்.
இப்போதும் தலையணை உறைக்குள்
ஒரு அப்பியாசக் கொப்பி, பென்சில் துண்டு.
வற்று 2.15.
பெருக்கு 4.40.
கட்டு இரவு 8.00. அவிழ்ப்பு காலை 6.50.
"ஐயா இன்னும் ஜெட்டியிலதான் நிக்கிறார்"
மேற்றன் சிரித்தார்.
நானும் சிரித்தேன். அதை எழுதாமல் விட முடியாது.

கொப்பி முடிந்துவிட்டது, புதுசு வேண்டும் என்றார்.
பழசை வீட்டுக்குக் கொண்டுவந்த இரவு,
மின்சாரமில்லை, கைபேசி வெளிச்சத்தில் புரட்டினேன்.
எங்கள் கடல் இரண்டு முழம்கூட ஏறி இறங்காது.
ஒரே நாளில் ஏழு தரம் வற்றுமா?
எந்தக் கப்பலை
ஒவ்வொரு இரவும் எட்டு மணிக்கே கட்டுவார்கள்?

வற்று: கூசாவில் தண்ணீர் இல்லை.
பெருக்கு: படுக்கை நனைந்தது.
துணி மாற்றிய நேரத்துக்கென்று
அடிமட்டம் வைத்து ஒரு நிரல் கீறியிருந்தார்.
அநேகமாக வெறும் நிரல்.
கட்டு என்றால் கட்டுத்தான்.

அடுத்த நாள் புதன். பார்க்க விடாத நாள்.
போனேன். போர்வையைத் தூக்கினேன்.
நாரிக்குக் கீழே
என் உள்ளங்கை அகலத்தில் ஒரு புண்.
கட்டில் காலில் நீல நைலோன் கயிறு.
அப்பா குரலைத் தாழ்த்திச் சொன்னார்:
"முடிச்சு பிழை, பிள்ளை. இப்பிடிப் போட்டா இறுகும்."

பொலிசில் சிங்களத்தில் எழுதி
கையெழுத்து வைக்கச் சொன்னார்கள்.
தமிழில் வாசித்துச் சொல்ல ஒருவர் வரும்வரை
வாங்கிலேயே இருந்தேன், நாலு மணித்தியாலம்.
'கட்டி வைத்தார்கள்' என்று நான் சொன்ன இடத்தில்
'பாதுகாப்பாக வைத்தார்கள்' என்று வந்தது.
வெட்டச் சொன்னேன்.
வெட்டின இடத்தில் என் சின்னக் கையெழுத்து.

சட்ட வைத்திய அதிகாரி புண்ணை அளந்தார்.
பிரதேச செயலகத்தில் கோவையைத் திருப்பிக் காட்டினார்கள்:
இல்லத்தின் பதிவு முடிந்து இரண்டு வருடம்.
இதுவரை யாரும் கேட்கவில்லையாம்.
சட்டத்தரணி நிஸ்மியா சொன்னார்:
"கொப்பிய யாருக்கும் குடுத்துடாதீங்க.
கயித்தப் பையில போட்டு திகதி எழுதுங்க."

கயிற்றைக் கட்டியது கோமளவல்லியின் கை.
சாம்பல்தீவுப் பிள்ளை, இருபத்திரண்டு வயசு.
"ராவில பத்தொன்பது பேருக்கு நான் ஒராள் அக்கா."
அறையத்தான் போனேன்.
சாட்சி சொல்லுவியா என்று கேட்டுவிட்டு நின்றேன்.
அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.

நீதிமன்ற வாசலில் ஒரு மான்
யாரோ எறிந்த சோற்றுப் பார்சலை மென்றது.
உள்ளே எதிர்த்தரப்பு:
"ஞாபகம் தவறினவரின் கிறுக்கல்."
இன்றைக்கு என்ன கிழமை என்று அப்பாவைக் கேட்டார்கள்.
தெரியவில்லை.
எட்டு மணிக்கு என்ன நடக்கும் என்று
யாரும் கேட்கவில்லை.
தவணை பதினேழாம் திகதிக்குப் போட்டார்கள்.

இப்போது என் வீட்டில், உவர்மலையில்,
எட்டு மணியானால்
அப்பா இரண்டு கையையும்
கட்டில் சட்டத்தில் தானே கொண்டுபோய் வைக்கிறார்.
வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறார்.
நான் பென்சிலைச் சீவிக் கொடுக்கிறேன்.