பாதிக்கு மட்டும்

மஞ்சூருக்கு யாரும் மாற்றல் கேட்டு வருவதில்லை.
நான் மூன்று முறை எழுதிக் கேட்டேன்.
காரணம் என்ற கட்டத்தில்
வெயில் உடம்புக்கு ஆகவில்லை என்று போட்டேன்.
விருதுநகர்க்காரி எழுதுகிற காரணமா அது,
சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார்கள்.

அங்கே காற்று வரட்டுமென்று
சுவரை உடைத்து ஜன்னல் வைத்தோம்.
இங்கே மின்வாரியக் குடியிருப்பில்
ஜன்னலைச் சாத்திய பிறகும் காலண்டர் ஆடுகிறது.
காற்றுள்ளபோதே தூற்றச் சொன்னவர்
குந்தா பக்கம் வந்திருக்க மாட்டார்.
தகரக் கூரையின் ஒவ்வொரு நெளிவுக்கும் அடியில்
சுவர் எட்டாத ஒரு பிறை.
படுத்தபடி எண்ணினால் முப்பத்தொன்பது.
அத்தனை வழியாகவும் மூடுபனி வந்து
உப்பு ஜாடியில் உட்கார்ந்துகொள்கிறது.

அப்பாஸ் ஹார்டுவேரில்
ஒரு டப்பா ஃபோம் ஐந்நூற்று இருபது.
"சந்துல பாதிக்கு மட்டும் அடிங்க மேடம்.
மிச்சத்தை அதுவே பாத்துக்கும்.
கைக்கு உறை போட மறந்துடாதீங்க."
மறந்துவிட்டேன்.

ஜனவரிக் குளிரில் டப்பாவுக்கும் விறைப்பு.
வெதுவெதுப்பான தண்ணீரில் கால்மணி நேரம்
கிடத்தி எடுத்தேன். குலுக்கினேன்.
தலைகீழாய்ப் பிடித்து அழுத்த
சீறிக்கொண்டு வந்தது நுரை,
அடுப்பில்லாத பொங்கல்.

பாதி என்பது எனக்கு வராது.
பாதிச் சம்பளம் போதும் என்றவரிடம்
முழுதாய்க் கொடுத்துவிட்டு
பஸ்ஸுக்கு அவரிடமே கேட்டு நின்றவள்.

பிறை ஒன்றையும் விடவில்லை.
ஜன்னல் சட்டம், குழாய் நுழையும் துளை,
கடைசியாகக் கதவு நிலை,
மேலேயும் இரண்டு பக்கமும், தாராளமாக.
அன்றிரவு காலண்டர் அசையவில்லை.
நானும்.

காலையில் கதவு திறக்கவில்லை.
இரவெல்லாம் வளர்ந்து
நிலையை உள்ளே தள்ளி
கதவைக் கவ்விக்கொண்டு நின்றது நுரை.
ஜன்னலும் அதே பிடியில்.
"யாராச்சும்" என்றேன்.
குரல் சுவரைச் சுற்றிவிட்டு
என்னிடமே வந்தது, போக வழி கேட்டு.
கண்ணாடிக்கு அப்பால்
லைன்மேன் போஜன் பால் வாங்கப் போனார்.
தட்டினேன்.
வணக்கம் என்று எடுத்துக்கொண்டு
கையைத் தூக்கிவிட்டுப் போனார்.

நான் அடைக்க மறந்தது ஒன்றே ஒன்று.
தொட்டிக்குக் கீழே
கழுவிய தண்ணீர் வெளியே போகும் பொந்து.
குப்புறப் படுத்து, அதில் வாயை வைத்து,
திரும்பி வந்த ரப்பர் பூட்ஸிடம்
என் பெயரைச் சொன்னேன்,
பிறகு விஷயத்தை.
போஜன் சிரித்தாரா தெரியாது.
பூட்ஸ் சிரிக்கவில்லை.
சற்று நேரத்தில் அந்தப் பொந்து வழியே
ஹாக்சா பிளேடு ஒன்று வந்தது,
பழைய தினசரியில் சுற்றி.

அறுத்தேன். தேங்காய்ப்பூவாய்த் துருவல்
கூந்தலில், கழுத்தில், நைட்டியில்.
பல் பல்லாய் விட்டுக்கொடுத்தது கதவு.
வெளியே நின்றிருந்த குளிர்
ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே வந்து
காலண்டரைத் தொட்டுப் பார்த்தது.

டப்பாவில் இன்னும் கொஞ்சம் இருந்தது.
குலுக்கினால் சத்தம் கேட்கிறது,
அழுத்தினால் வரவில்லை.
ராத்திரியோடு ராத்திரியாகத்
தன் மூக்கையும் அடைத்துக்கொண்டிருக்கிறது.

பத்து மணிக்கு அலுவலகம்.
வருகை எந்திரத்தில் கட்டைவிரலை வைத்தேன்.
மீண்டும் முயற்சிக்கவும் என்றது.
துடைத்து வைத்தேன். மீண்டும் என்றது.
ரேகைக்கும் ரேகைக்கும் நடுவில்
மண்ணெண்ணெய்க்கும் செங்கல்லுக்கும் அசையாமல்
இறுகிக் கிடந்தது நுரை.
தோலோடுதான் உதிரும், ஒரு வாரம் ஆகும்,
என்றார் அப்பாஸ் போனில்.

அதுவரை பழைய பதிவேட்டில் கையெழுத்து.
சண்முகக்கனி என்று எழுதப் போனவள்
முன்னால் எந்த எழுத்தைப் போடுவது,
அப்பாவுடையதா, அவருடையதா, என்று
பேனாவைப் பிடித்தபடி நின்றேன்.
வரிசையில் பின்னாலிருந்து யாரோ செருமினார்கள்.
ஓர் எழுத்துக்கு இடம் விட்டு
பெயரை மட்டும் எழுதினேன்.