வேலையை விட்ட காரணம்

டொலீடோ நகர நூலகத்தில்
ஆளுக்கு ஒரு மணி நேரம்தான் கணினி.
வெர்னல் பிரிட்செட் என்று அடிக்க
ஒற்றை விரலுக்கு இரண்டு நிமிடம்.
பிறகு 2015க்கும் 2022க்கும் நடுவில்
கர்சர் நின்று துடிக்கிறது.

விடியுமுன் மூன்றரைக்கு அடுப்பு.
தொள்ளாயிரம் பேருக்கு ஓட்ஸ் கஞ்சி,
ஒரு நாளும் அடிப்பிடித்ததில்லை;
பிடித்திருந்தால் தட்டுகள் பறந்திருக்கும்.
கத்தியை மேசையோடு சங்கிலியில் பிணைத்திருந்தார்கள்.
அந்த நீளத்துக்குள்
வெங்காயம் நறுக்கக் கை பழகிவிட்டது.

பதவி: சமையலர்.
நிறுவனம்: ஒஹாயோ மாநில அரசு.
பொய்யில்லையே.
சங்கிலியை எழுதவில்லை.
"நேரம் தவறாதவன்" என்று எழுதி
சிரிப்பு வந்து அழித்தான்:
தாமதமாக வர
யார் விட்டார்கள்?

வேலையை விட்ட காரணம் என்று
ஒரு கட்டம்.
திரையின் மூலையில் பதினோரு நிமிடம் மிச்சம்.
"ஒப்பந்தம் முடிந்தது" என்று போட்டான்.
எடுத்தான்.
"வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தேன்."
அதையும் எடுத்தான்.
நான்கு நிமிடம் இருக்கும்போது
"தண்டனை முடிந்தது" என்று அடித்துவிட்டு
முற்றுப்புள்ளியைத் தேடினான்.

பக்கத்துக்குப் பத்து சென்ட்.
இரண்டு பிரதி எடுத்தான்,
ஒன்று
தனக்கு.