உள்ளே நாற்பத்திரண்டு, வெளியே எழுபத்தாறு

எலியாவா சந்தையில் மழை.
பூனைக்கு வாங்கிய ஈரல்போலச்
செய்தித்தாளில் பொதிந்து கொண்டுபோனேன்
வலப்பக்க முன்சக்கரத்துப் பேரிங்கை.

எண் பாதி தேய்ந்திருந்தது.
நோதார் எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தான்.
"எந்த வண்டி?"
"சுபாரு. ஜப்பானில் ஓடி இங்கே வந்தது."
"அப்படியானால் துபாயிலிருந்துதான் வரணும்.
இருபது நாள். முன்பணம்."

இருபது நாள் காத்திருக்குமா
பின்சீட்டில் நான் ஏற்றிப்போகும் பாலாடைக்கட்டி?
பேரிங் இருந்தபோதே அறுபதைத் தொட்டால்
வண்டிக்குள் வண்டு கூடு கட்டியதுபோல் இரையும்.
பக்கத்தில் உட்காருபவர்கள்
கத்திப் பேசப் பழகிவிட்டார்கள்.

எதிர்க்கடை மாக்வாலா
சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி கேட்டாள்:
"அளந்து பார்த்தானா அவன்?"
வெர்னியர் வாயைப் பிளந்து கவ்வியது.
உள்ளே நாற்பத்திரண்டு,
வெளியே எழுபத்தாறு,
அகலம் முப்பத்தொன்பது.

முக்காலிக்கடியில் கைவிட்டு
நசுங்கிய அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்தாள்.
ஏதோ பிரெஞ்சு வேனுக்கானது.
"ஓடுமா?" என்றேன்.
"இரும்புக்கு என்ன தெரியும்,
யார் வீட்டுச் சக்கரம் என்று."
நோதார் அந்தப் பக்கம் திரும்பிச்
சிகரெட் பற்றவைத்தான்.

மாலை, ருஸ்தவி சாலை.
அறுபது. எழுபது. எண்பத்தைந்து.
ஒரு முனகல் இல்லை.

அந்த அமைதியில்தான் கேட்டது,
இடப்பக்கச் சக்கரம்
மெல்லத் தொண்டையைச் செருமுவது.