பெட்டியில் பொத்தான் இல்லை

ரோட்டர்டாமின் தெற்குக் கரையில்
முன்பு வாழைப்பழக் கிடங்காக இருந்த கூடம்.
ஐந்து பேட்டைகளிலிருந்து பதினொரு பிள்ளைகள்.
நிறுவனம் கொடுத்தது
அட்டை, பசைநாடா, வெள்ளித்தாள், ஆரஞ்சுச் சாறு,
பிறகு ஒரு கேள்வி:
இரண்டாயிரத்து நாற்பதில் எப்படிப் பேசிக்கொள்வோம்?
குறிப்பெடுக்க நான்.

முதல் ஒரு மணி நேரம் எதிர்பார்த்தபடியே போனது.
கண்ணாடிக்குள் தெரியும் முகம்,
பல்லுக்குள் ஒலிபெருக்கி,
பறக்கிற ஏதோ ஒன்று. அதை இரண்டு பேர் செய்தார்கள்,
யார் முதலில் என்று அடித்துக்கொண்டார்கள்.
மேலாளர் படம் எடுத்துக்கொண்டு
சந்தோஷமாகக் கிளம்பினார்.

அவர் போன பிறகுதான்
ஓகான் கத்தரிக்கோல் காம்பால்
ஜன்னலடி வெந்நீர்க் குழாயைத் தட்டினான்.
அவன் கட்டடம் பதினான்கு மாடி.
லிஃப்ட் ஓடாத நாளில்
மூன்று தட்டு என்றால் இறங்கி வா,
ஒன்று என்றால் அப்பா தூங்குகிறார்.
"இதுக்கு சார்ஜே வேண்டாம்.
ஆனா நடுவுல அஞ்சாம் மாடிக்காரருக்கும் கேக்குது.
அவருக்குக் கேக்காம செய்யணும்."
அட்டையை எடுத்தான், வைத்தான்.
"வேண்டாம். அவர் தனியா இருக்கார். கேக்கட்டும்."

ஏரிக்கரைப் பக்கத்து சீட்சேவின் வீட்டில்
சாப்பிடக் கூப்பிடுவதே குறுஞ்செய்தியில்.
அவன் செய்தது ஒரு பந்து.
மாடிப்படியில் உருட்டிவிட்டால்
கத்திக்கொண்டே இறங்கும்.
அவ்வளவுதான் அதன் வேலை.
ஓகானின் குழாயை அவன் பார்த்த பார்வையை
எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியாமல்
ஓரத்தில் ஒரு கோடு போட்டுவைத்தேன்.

நில்சா எதையும் ஒட்டவில்லை.
ஒரு பெட்டியை மூடினாள்,
மூடியபடியே மடியில் வைத்திருந்தாள்.
இது என்ன?
"எனக்குப் பதிலா போறது."
எங்கே?
"ஆஸ்பத்திரிக்கு. வாடகை ஆபீசுக்கு. அம்மாகூட."

மொழிபெயர்க்கிற செயலிதான் ஏற்கெனவே இருக்கிறதே, கண்ணு,
என்றது என் வாய்.
"அது டாக்டர் சொன்னதை
அப்படியே போட்டு உடைச்சிடும்.
நான்னா கொஞ்சம் மெதுவா, ஓரமா வைப்பேன்.
ஆனா அப்புறம்
அந்த வார்த்தை ராத்திரி பூரா
என் வாயிலேயே கிடக்கு."

வயது பத்து.
பொத்தான் எங்கே என்று கேட்டேன்,
படிவத்தில் அப்படி ஒரு கேள்வி இருந்ததால்.
"இல்ல.
அமுக்க ஒரு ஆள் வேணும்னா
அதுக்கும் என்னைத்தான் கூப்பிடுவாங்க."

'பயனரின் தேவை' என்ற கட்டம்
மூன்று விரல் அகலம்.
அதில் 'மொழி' என்று எழுதினேன். அடித்தேன்.
'தூக்கம்' என்று எழுதினேன்.
அதையும் அடித்துவிட்டு
சாறு குடித்தேன்.

கிளம்பும்போது கேட்டாள், இது எப்ப வரும்?
எல்லாம் சரியாக நடந்தால் நாற்பதில்.
விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.
"அப்ப எனக்கு இருபத்திநாலு.
அம்மாவே டச்சு பேசிடுவாங்க."
அதற்குள் டிராம் மணியடித்தது. ஓடினாள்.
மழை. கோட்டுக்குள் ஏதோ புடைத்திருந்தது.
செய்தவற்றை இங்கேயே விட்டுப் போக வேண்டும்
என்பது விதி.
நான் கூப்பிடவில்லை.

மறுநாள் கண்காட்சிக்கு அடுக்கும்போது
மேலாளர் எண்ணினார். பத்து.
மறுபடி எண்ணினார்.
ஒன்று எங்கே?

வேலைக்குப் போயிருக்கிறது, என்றேன்.